கிளிப் படம்

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. இந்தப் பைய நான் மடில வெச்சுக்கறனுங்க. கனமெல்லாம் இல்ல, துணிதான். பொன்னாடை. போன வருசம் இதே கோபில வெச்சுத்தான் எனக்குப் போத்துனாங்க. எதுக்குப் போத்துனாங்கன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கலதான், ஆனா கேக்கற மூஞ்சி உங்களுது. எங்க, ஈரோட்டுக்குத்தானுங்களே? அப்பச் சரி. நேரம் கச்சிதமா இருக்கும்.

என்ற பேரு சாமியப்பனுங்க. இன்சூரன்ஸ் ஏஜெண்டா இருந்து ஓஞ்சவன். செத்துப்போனா என்ன கெடைக்கும்னு உசுரோட இருக்கறவங்களுக்கு வெளக்கி வெளக்கியே மூணு பொண்ணுகளக் கட்டிக்குடுத்தவன். வெளக்கறதுன்னா எனக்கு அலுப்பே வராதுங்க. கேக்கறவங்களுக்கு வரலாம். அது அவங்க சத்துக் கொறவு.

ஈரோட்டுல நாங்க கொஞ்சம் பேரு சேர்ந்து ஒரு திரைப்படச் சங்கம் நடத்தறமுங்க. வெண்திரை நண்பர்கள்னு பேரு. நாச்சிமுத்துன்னு ஒருத்தருக்குக் கல்யாண மண்டபம் இருக்குது, அதுல சாப்பாட்டு ஹால்லதான் படம் போடறது. ஆடி மாசம் முகூர்த்தம் இல்லீங்களே, மண்டபம் சும்மாதானே கெடக்கும்? அதனால எங்க பெரிய விழா எப்பவும் ஆடில. சாம்பார் வாசத்துல உலக சினிமா பாத்த கூட்டமுங்க நாங்க.

அந்த விழாவுல வருசா வருசம் ஒரே படந்தான். பிரெஞ்சுப் படம். கருப்பு வெள்ள. பேரு பிரெஞ்சுல இருக்கும், அது நம்ம வாயில நொழையாது. ஊருக்குள்ள கிளிப் படம்னு சொன்னாத் தெரியும். இருவது வருசத்துக்கு மேல போடறமுங்க. மத்த படமெல்லாம் ஒரு தடவை பாத்தா அடுத்த தடவை கொட்டாவி வருமில்லீங்களா? இது வராது. ஏன் வராதுன்னு பல பேரு யோசிச்சிருக்காங்க. எனக்குத் தெரியும். ஏன்னா வருசா வருசம் மைக்கப் புடிச்சு அந்தப் படத்த வெளக்கறது நான்.

கதைய மட்டும் சுருக்கமாச் சொல்லிப்போடறனுங்க. இல்லாட்டி எனக்கு என்ன அநியாயம் நடந்துதுன்னு உங்களுக்கு வெளங்காது.

பாரீஸ். மழ. ஒரு கெழவன் ஜெயில்ல இருந்து வெளிய வர்றான். திருடன்தான், ஆனா மூஞ்சியப் பாத்தா ரிட்டையரான தலைமை ஆசிரியர் மாதிரி இருப்பான். அவன் கூட ரெண்டே பேரு. பூட்டுத் தொறக்கற ரெமி, ரெமியோட தம்பி. ஒரு வைர வியாபாரியோட மாடி ரூம்ல பெட்டகம் இருக்குது. அதுக்குக் காவல் ஆரு தெரியுங்களா? நாய் இல்ல, கூர்க்கா இல்ல. கிளி. ஒரு கிளியுங்க! ஆளப் பாத்துதுன்னா தெருவே எந்திரிக்கற மாதிரி கத்தும். கேட்ட பேச்ச அப்படியே திருப்பிச் சொல்லும். கெழவன் என்ன பண்றான்? உள்ள போனதும் மொத வேலையா கூண்டு மேல ஒரு கருப்புத் துணியப் போத்திர்றான். அவ்வளவுதான், ராத்திரியாயிருச்சுன்னு நெனச்சுக் கிளி அடங்கிப்போச்சு. அப்பறம் மூணு பேரும் செருப்பக் கழட்டிப்போட்டு வேலைய ஆரம்பிக்கறாங்க. அரை மணி நேரமுங்க! ஒரு பேச்சு இல்ல. ஒரு பாட்டு இல்ல. மூச்சு விடற சத்தந்தான்.

அந்த எடத்துலதான் எனக்கு வேலை அதிகம். மைக்க எடுத்து, "பாருங்க, இப்ப ஆருமே பேசமாட்டாங்க. இந்த அமைதிதான் படத்தோட உசுரு. இந்த அமைதிய நீங்க உணரோணும். பாருங்க, இன்னும் அமைதி. எவ்வளவு அமைதி பாத்தீங்களா?"ன்னு அந்த அரை மணி நேரமும் விடாமச் சொல்லுவனுங்க. தொண்ட வறண்டு போகும். ஒரு டம்ளர் தண்ணி குடுக்க ஆளில்ல.

அப்பறம் என்னாச்சுன்னா, கண்ணாடி ஒடஞ்சு ரெமி கையில ஆழமா வெட்டிருது. ரத்தம் கொட்டுது. அதப் பாத்த தம்பிக்காரன், அவனையும் அறியாம, "ரெமி!"ன்னுப்போட்டான். ஒரே ஒரு வார்த்த. மெதுவாத்தான் சொன்னான். மூணு பேரும் கல்லாட்டம் நிக்கறாங்க. கூண்டுல இருந்து சத்தமே இல்ல. வைரத்த அள்ளீட்டுப் போயிர்றாங்க. மக்யா நாள் விடிஞ்சதும் போலீஸ் வருது. வேலக்காரம்மா வந்து அந்தக் கருப்புத் துணிய இழுக்கறா. கிளி சிலுப்பிக்கிட்டு எல்லாரையும் ஒரு பார்வ பாக்குது. அப்பறம் சொல்லுது, "ரெமி!"

புல்லரிக்குதுங்களா? எனக்கு இப்பவும் கையப் பாருங்க. துணி போத்துனா கிளிக்கு வாய்தானுங்க மூடும். காது மூடாது. இத நான் வருசா வருசம் சொல்லுவேன். படம் போடறதுக்கு முன்னாலயே சொல்லிப்போடுவேன். சனங்களுக்கு முடிவு மொதல்லயே தெரிஞ்சாத்தான நிம்மதியாப் பாப்பாங்க?

ஊர்ல என்னையக் கிளியண்ணன்னுதான் கூப்புடறாங்க. அந்தப் படத்த நான்தானே ஊருக்கு அறிமுகப்படுத்துனேன், அந்த மரியாதைக்கு. சின்னப் பசங்க கூட, "அங்க பாரு, கிளி வருது"ம்பாங்க. பெருமையாத்தானுங்க இருக்கும்.

சரி, அநியாயத்துக்கு வர்றேன். எங்க சங்கத்துச் செயலாளரு பல் டாக்டர் தெய்வசிகாமணி. நாளெல்லாம் அடுத்தவங்க வாயத் தொறக்கச் சொல்றவரு, நான் வாயத் தொறந்தா மட்டும் அவருக்கு ஆகாது. பொருளாளர் விசாலாட்சி டீச்சர். அந்தம்மா பாண்டிச்சேரில படிச்சது. பிரெஞ்சு தெரியும்னு ஒரு நெனப்பு. தெரியும்தான், இல்லைங்கல. ஆனா தெரிஞ்சவங்களுக்கு ஒரு அடக்கம் வேணுமில்லீங்களா?

ஒரு வருசம் நான் வெளக்கிக்கிட்டு இருக்கறேன். கெழவன் படத்துல ஏதோ சொன்னான், நான் அதுக்கு ஒரு நாலு நிமிசம் அர்த்தம் சொன்னேன். டீச்சர் எந்திரிச்சு, "அண்ணா, அவன் வேண்டாம்னு மட்டுந்தான் சொன்னான்"ங்குது. முழு ஹாலும் சிரிக்குது. நான் விடல. "வேண்டாம்னு சொன்னதுக்குப் பின்னால எவ்வளவு வலி இருக்குது டீச்சர்!"ன்னேன். சிரிப்பு நின்னுருச்சுங்க. கொஞ்ச நேரங்கழிச்சுத்தான் நின்னுச்சு, ஆனா நின்னுருச்சு.

போன வருசம் கமிட்டிக் கூட்டத்துல டாக்டர் மெதுவா ஆரம்பிச்சாரு. "அண்ணா, டீச்சர் படம் பூராத்துக்கும் தமிழ்ல எழுதிக் குடுத்திருக்காங்க. வசனம் திரையிலயே கீழ ஓடும். இந்தத் தடவ நீங்களும் மொத வரிசைல நிம்மதியா உக்காந்து பாக்கலாமே?"

"டாக்டரே, நான் உக்காந்துட்டா சனங்களுக்குப் படத்த ஆரு வெளக்கறது?"

"படமே வெளக்கீருமுங்கண்ணா."

"படம் படத்த வெளக்குமா? பல்லு பல்லப் புடுங்கிக்குமா?"

நாச்சிமுத்து வடைய எடுத்து எம்பக்கம் நவுத்துனாரு. நான் செயிச்சுட்டன்னு நெனச்சனுங்க. அப்படித்தானே ஆரும் நெனப்பாங்க?

அப்பறந்தான் இந்தக் கோபி அழைப்பு வந்துது. கோபி கலை வளர்ச்சி மன்றம். நான் கேள்விப்பட்டதே இல்ல. தலைவரு ரங்கராசுன்னு ஒருத்தரு. பின்னாலதான் தெரிஞ்சுது, அவரு நம்ம டாக்டரோட மச்சினன், மேடைக்குப் பூ அலங்காரம் பண்றவரு. உலக சினிமாவத் தமிழனுக்கு வெளக்கிய செம்மலேன்னு என்னைய எழுதி, போட்டோவெல்லாம் போட்டு, பாராட்டு விழா. தேதியப் பாத்தா எங்க விழாவும் அன்னைக்கேதான், அதே சாயங்காலம். எனக்கு மனசே இல்லீங்க. டாக்டரு கையப் புடிச்சுக்கிட்டு, "அண்ணா, இது உங்களுக்கு மட்டும் பெருமையில்ல, சங்கத்துக்கே பெருமை. நீங்க வர்ற வரைக்கும் படத்த ஆரம்பிக்கவே மாட்டோம்"னாரு. அவரு கண்ணுல தண்ணி. பல் டாக்டர் கண்ணுல தண்ணி வந்து நீங்க பாத்திருக்கீங்களா? நமக்குத்தான வரும்!

என்ற சம்சாரம் மட்டும், "ஆடி மாசத்துல எவன் பாராட்டு விழா வெப்பான்?"னு கேட்டா. "பொறாமைல பேசாத"ன்னுப்போட்டு வந்துட்டனுங்க.

விழா எப்படின்னா, ஒரு டியூசன் சென்டர் மாடி. ரங்கராசு, அவரு கடையில மாலை கட்டறவங்க நாலு பேரு, ஒரு நாதஸ்வரம். பூ அலங்காரத்துக்குக் கொற இல்ல, சனந்தான் இல்ல. உக்கார வெச்சு, இந்தப் பொன்னாடைய ரங்கராசு பிரிச்சாரு. பாருங்களேன், எவ்வளவு பெருசு! போர்வையாட்டம். தோள்ல போடுவாங்கன்னு பாத்தா, தலை, மூஞ்சி, காதுன்னு எல்லாம் சேத்துச் சுத்திப் போட்டுட்டாரு. எனக்கு ஒரு நிமிசம் ஒன்னும் தெரியல. அந்த இருட்டுக்குள்ள கேக்குது, ரங்கராசு போன்ல சொல்றாரு: "மச்சான், போத்தியாச்சுங்க. ஆரம்பிச்சுக்கலாம்."

நாதஸ்வரக்காரருக்குச் சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டனுங்க. அந்த மனுசனும் ஆரம்பிச்சாரு, எதுத்தாப்புல உக்காந்திருந்தவருக்கு எதுக்குப் போன்ல சொல்லோணும்னு அப்பத் தோணல. சந்தோசத்துல இருக்கறவனுக்குத் தோணுமுங்களா?

ஏற்புரைக்கு ரெண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தாங்க. ரெண்டு மணி நேரம்! எங்கூர்ல எனக்கு அவ்வளவு மரியாதைய ஒருத்தரும் குடுத்ததில்ல. மைக்கப் புடிச்சு "பாரீஸ்"னேன், கரண்ட் போச்சு. மைக் இல்லாம எனக்குப் பேச்சு வராது தம்பி, அது ஒரு பழக்கம். ரங்கராசு பதறிப்போனாரு. "அண்ணா, சும்மாவே பேசுங்க, விடிய விடியக் கேக்கறோம், போயிராதீங்க"ன்னு ஒரே கெஞ்சல். நாந்தான், அங்க சனங்க எனக்காகக் காத்திருப்பாங்கன்னு, மாலையோட பஸ் ஏறிட்டேன்.

மண்டபத்துக்கு வந்தா வாசல்ல ஒரு ஆளில்ல. உள்ள இருட்டு. படம் ஓடுதுங்க. நானில்லாம ஓடுது! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, மைக் எங்கன்னு தேடிக்கிட்டே பின்கதவு வழியா உள்ள போனேன். சரியா அந்தக் கண்ணாடி ஒடயற எடம். ஹால் நெறைய சனம். ஒரு இருமல் இல்ல, ஒரு கைப்புள்ளச் சத்தமில்ல. அந்தப் பையன் "ரெமி"ன்னு சொல்றான். நான் வாயத் தொறந்தேன், பக்கத்துல இருந்த ஆரோ, நம்மூரு ஆளே இல்ல, "உஷ்"னுட்டாங்க.

என்னைய! நான் போட்டுக் காட்டுன படத்துல, என்னைய!

அப்படியே வாயடச்சு நின்னனுங்க. அப்பத்தான் ஒன்னு பாத்தேன். தம்பிக்காரன் பேரச் சொல்லிப்போட்டு நடுங்கறான் பாருங்க, கெழவனுக்குத் தெரிஞ்சிருச்சு, இதோட நம்ம கத முடிஞ்சுதுன்னு. ஆனா திட்டல, மொறைக்கல. கையுறையக் கழட்டிப்போட்டு, அந்தப் பையன் தோள்ல கைய வெக்கறான். சும்மா வெச்சுக்கிட்டு நிக்கறான். அவ்வளவுதான். இத்தன வருசத்துல அந்தக் கைய நான் பாத்ததே இல்லீங்க. அந்த நேரத்துல நான் சனங்களப் பாத்துத் திரும்பி நின்னு, அமைதியப் பத்திச் சொல்லிக்கிட்டு இருப்பேன்.

எனக்கே ஏன்னு தெரியல. அந்தப் படத்த நெனச்சா, என்ற கூடப் பொறந்தவன் ஒருத்தன்கிட்ட இத்தன வருசமா முதுகக் காட்டிக்கிட்டு நின்ன மாதிரி இருந்துது.

சரி, அது கெடக்கட்டும். படம் முடிஞ்சு வெளக்குப் போட்டாங்க. ஆருமே எந்திரிக்கல. நாச்சிமுத்து சம்சாரம் முந்தானையால கண்ணத் தொடைக்குது. வழக்கமா படம் முடியறதுக்கு முன்னாலயே பாதிச் சனம் பஸ்ஸுக்கு ஓடிரும். அன்னைக்கு அப்படியே உக்காந்திருக்குது. எனக்குப் பாவமாப் போச்சுங்க. வெளக்க ஆளில்லாம ஒன்னும் புரியாமத்தானே அப்படி உக்காந்திருந்தாங்க? மேடையேறி ரெண்டு வார்த்த சொல்லலாம்னு போனா, டாக்டரு என்னையக் கட்டிப்புடிச்சு, "அண்ணா, எப்படி இருந்துது விழா?"ன்னு அப்படியே வெளிய தள்ளீட்டுப் போயிட்டாரு. நான் வர லேட்டாகும்னு நெனச்சு, வயசானவங்களுக்காகச் சும்மா ஓட்டி வெச்சாங்களாம். நானும் நம்பிட்டேன்.

இந்த வருசம் ஆடி பொறந்துது, இன்னொரு அழைப்பு. சத்தியமங்கலத்துல இருந்து. செம்மல் பட்டம் போயி இப்பப் பேரொளி. தேதியப் பாத்தேன். அதே நாளு, எங்க விழா நாளு. அழைப்புல பூ டிசைன் இருக்குது பாருங்க, அது நம்ம ரங்கராசு கடைப் பூ. அப்பத்தான் தம்பி, போன வருசம் துணிக்குள்ள இருந்து கேட்டனில்லீங்களா, "போத்தியாச்சுங்க, ஆரம்பிச்சுக்கலாம்", அது காதுக்குள்ள மறுபடியும் அப்படியே கேட்டுது.

யோசிச்சுப் பாருங்க. ஆளத் தனியா ஒதுக்கறது, துணி போத்தறது, அப்பறம் சத்தமில்லாம உள்ள வேலைய முடிக்கறது. இது எங்க இருந்து வந்த திட்டம்? என்ற படத்துல இருந்து! நான் வருசா வருசம் மைக்குல சொல்லிக்குடுத்தது! ஒரு அட்சரம் பெசகாமக் கத்துக்கிட்டிருக்காங்க பாருங்க. ஆத்திரம் இருந்துதுதான், ஆனா மறுபக்கம் ஒரு பெரும. என்ற வெளக்கம் சனங்களுக்கு ஏறலைன்னு டீச்சர் சொல்லுதே, ஏறாமயா இப்படியொரு திட்டம் போட்டாங்க? அந்தக் கெழவன்தான் கூட்டாளிகளுக்குச் சொல்லிக்குடுத்தான். அப்ப இதுல அந்தக் கெழவன் ஆரு? நான்.

ஏனுங்க சிரிக்கறீங்க? கெழவன் இல்லைன்னா வேற ஆருங்க நானு?

சரி, சிரிச்சுக்கோங்க. நான் என்ன பண்ணுனேன் தெரியுங்களா? டாக்டர்கிட்ட வாயே தொறக்கல. இன்னைக்கு மத்தியானம் அவரே வந்து சத்தி பஸ்ஸுல ஏத்தி உட்டாரு, ஜன்னல் சீட்டாப் பாத்து உக்கார வெச்சு, டிக்கெட்டும் எடுத்துக் குடுத்து, பஸ் நவுர்ற வரைக்கும் நின்னு கையாட்டுனாரு. நான் கோபில எறங்கீட்டேன். எறங்கி, இந்தா, இந்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பறேன். சத்தில ரங்கராசு மாலையோட நிக்கட்டும்.

கவுந்தப்பாடி தாண்டீட்டமுங்களா? சித்தோடு வந்துட்டா அப்பறம் பக்கந்தான். ஆறு மணிக்குப் படம்.

மேடைக்குப் போயிச் சண்ட போடுவேன்னு நெனச்சீங்களா? சத்தியமா இல்லீங்க. நெசத்தச் சொல்லட்டுமா? எனக்கு அந்தக் கைய இன்னொருக்கா பாக்கோணும். மொதல்ல இருந்து பாக்கோணும். இருவது வருசம் போட்ட படத்த, நான் ஒருக்காக் கூட மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் உக்காந்து பாத்ததில்ல தம்பி. கடைசி வரிசைல, மூலையில, ஒரு ஓரமா உக்காந்துக்குவேன். ஆனா வாசல்ல நாச்சிமுத்து நிப்பாரு. என்னையப் பாத்தாருன்னா டாக்டர் காதுல போட்டுருவாரு, அப்பறம் மறுபடியும் கட்டிப்புடிச்சு வெளிய தள்ளீட்டுப் போயிருவாங்க. அதுக்குத்தான் இந்தப் பொன்னாடை. தலையோட சேத்து முக்காடு போட்டுக்கிட்டேன்னு வெய்ங்க, காய்ச்சக்காரன்னு நெனச்சு உட்டுருவாங்க.

என்னங்க பையில தேடறீங்க? டிக்கெட்டா? கண்டக்டர் இனிமே கேக்கமாட்டாருங்க. என்னங்க அது... காட்டுங்க. வெண்திரை நண்பர்கள். இது எங்க பாஸ் ஆச்சே! நீங்களும் கிளிப் படத்துக்குத்தானுங்களா? மொதத் தடவையா பாக்கப் போறீங்களா?

அட, மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? கோபில ஏறுனதுல இருந்து கல்லாட்டம் உக்காந்திருக்கீங்களே! நான் எங்க பேச உட்டன்னு கேக்கறீங்களா? அதுவும் சரிதான்.

மூஞ்சியத் தொங்கப்போடாதீங்க தம்பி. முடிவு தெரிஞ்சு போச்சேன்னுதானே? இங்க பாருங்க, இருவது வருசமா இந்த ஊர்ல நான் முடிவச் சொல்லிப்போட்டுத்தான் படத்தையே ஆரம்பிச்சிருக்கேன். அது பத்தாதுன்னு படம் பூராப் பேசியிருக்கேன். ஒவ்வொரு ஆடிக்கும் சனம் வந்துதுங்க. எனக்காக வந்தாங்கன்னு நெனச்சேன். டீச்சர், படத்துக்காகத்தான் வந்தாங்கங்குது. எப்படியோ, என்னையவே தாங்குன படம் தம்பி, உங்க ஒருத்தருக்கு முடிவு தெரிஞ்சதுல அதுக்கு ஒன்னும் கொறஞ்சு போயிராது.

சித்தோடு வந்துருச்சு. நமக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாமா? நீங்க என்ற பக்கத்துலயே உக்காந்துக்கோங்க. துணியோட ஒரு முனை உங்க கையில இருக்கட்டும். அவங்க செருப்பக் கழட்டுன ஒடனே எனக்கு வாய் ஊற ஆரம்பிச்சிரும், பழக்கமுங்க, பேச்சு தன்னால வந்துரும். அப்ப நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க, கண்ண மட்டும் உட்டுப்போட்டு வாயோட சேத்து இறுக்கிப் போத்தீருங்க. அந்தக் கெழவன் தோள்ல கை வெச்ச பின்னாலயும் எடுக்காதீங்க. நானே கெஞ்சுனாலும் எடுக்காதீங்க.

அப்பறம் அந்த வேலக்காரம்மா வருவா. கூண்டுகிட்டப் போவா. துணியப் புடிச்சு இழுப்பா. அப்ப மட்டும் தம்பி, மறந்துராம, என்ற துணியையும் இழுத்துருங்க. அந்தப் பேர நான் சொல்லோணும்.